நாயின் உடலில் எழுதப்பட்ட வரலாறு

ஒருமுனை மின்சாரம் மட்டுமே உள்ள வீட்டில் மும்முனை மோட்டாரை வாங்கி வைத்துவிட்டு, அது ஓடவில்லை என்று மோட்டாரைக் குறை கூறுவோர் எவருமிலர். வாங்கும் முன்பே அதன் குதிரைத்திறன் என்ன, எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று கேட்டறிந்து கொள்கிறோம். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்முடன் வாழப்போகும் நாய்க்குட்டியை வாங்கும்போது இத்தகைய கேள்விகளை நாம் கேட்பதில்லை. குட்டி அழகாக இருக்கிறதா, விலை என்ன என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

சென்னையின் மேற்கே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் போரூரைத் தாண்டியதும் வருவது ஐயப்பன்தாங்கல். ஏரிகளும் வயல்களும் இருந்த இப்பகுதியில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்ட வீடுகளில், கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் புறப்பட்டால் பொழுது சாய்ந்த பின்னரே திரும்புவர். இங்கு மாலை வேளையில் சற்று நடந்து பாருங்கள். லாப்ரடார், பக், ஹஸ்கி, இராஜபாளையம், சிப்பிப்பாறை எனப் பல தேசத்து நாய்களைக் கயிற்றுடன் காணலாம். பனிநாட்டில் பிறந்த இனமும் கரிசல் காட்டில் பிறந்த இனமும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகின்றன. இவை அனைத்துக்கும் தேவை ஒன்றேயாகுமா? ஆகாது. ஒவ்வோர் இனமும் எந்த நாட்டில், எந்தத் தட்பவெப்பத்தில், எந்த வேலைக்காக உருவாயிற்று என்பது அதன் உடலிலேயே எழுதப்பட்டுள்ளது. அந்த வரலாற்றை வாசிக்கத் தெரிந்தால் அதன் தேவை என்ன என்பதும் தெரிந்துவிடும். அந்த வாசிப்பையே இக்கட்டுரையில் முயல்வோம்.

பதினாலாயிரம் ஆண்டுத் தோழமை

நாயின் மூதாதை ஓநாய் என்பதில் அறிவியலாரிடையே ஐயமில்லை. மனிதன் பயிர் செய்யக் கற்றுக்கொள்ளும் முன்பே, வேட்டையாடித் திரிந்த காலத்திலேயே நாய் அவனோடு சேர்ந்துவிட்டது. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசெல் என்னும் இடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. அதில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளோடு ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி அது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நாயின் பற்களை நுணுகி நோக்கிற்று. இறக்கும்போது அதற்கு ஏறத்தாழ ஏழு மாத வயது. அதற்கு முன்பு ‘டிஸ்டெம்பர்’ என்னும் கொடிய நோயால் அது பல வாரங்கள் துன்புற்றிருக்கிறது. எவரேனும் பேணிக் காத்திராவிட்டால் அத்தனை வாரங்கள் பிழைத்திருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் முடிவு கூறினர். நோயுற்ற குட்டி வேட்டைக்குப் பயன்படாது என்று தெரிந்தும் அதைக் காத்த மனிதர்கள் அன்றே இருந்தனர். காசுமீரத்தின் புர்சஹோம் என்னுமிடத்திலும் மனிதரோடு நாயைப் புதைத்த புதிய கற்காலக் குழிகள் கிடைத்துள்ளன.

ஆக, நாயைப் பேணுவது மிகப் பழைய வழக்கம். ஆனால் இன்று நாம் பெயர் சொல்லிக் கேட்கும் ‘இனங்கள்’ பெரும்பாலும் மிகப் புதியவை. வேட்டைக்கு ஒரு வகை, மந்தைக்கு ஒரு வகை, காவலுக்கு ஒரு வகை என நாய்கள் முன்பும் இருந்தன. வேலையைச் செம்மையாகச் செய்த நாயின் குட்டிகளை மக்கள் விரும்பி வளர்த்தனர். நிறத்தையும் காது மடலையும் எவரும் அளந்து பார்க்கவில்லை. 1859ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடைபெற்றது. பின்னர் 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அதுமுதல் ஒவ்வோர் இனமும் இன்ன உயரம், இன்ன நிறம், இன்ன முகம் உடையதாக இருக்க வேண்டும் என்று ஏட்டில் எழுதி வைக்கும் வழக்கம் பரவியது. நாயின் வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் போய், தோற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. இந்த மாற்றத்தின் விளைவுகளை இனிக் காணும் ஒவ்வொரு கதையிலும் எதிர்கொள்வோம்.

பனிநாட்டு ஓட்டக்காரன்

முதலில் ஹஸ்கி. சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய் இது. 1909இல் அலாஸ்காவில் நடந்த நாய்வண்டிப் பந்தயத்தில் சைபீரிய நாய்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டன. 1925ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலாஸ்காவின் நோம் என்னும் சிற்றூரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து வந்து சேர்ந்த இரயில் நிலையத்துக்கும் நோமுக்கும் இடையே ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் பனிப்பாதை. இருபது வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஐந்தரை நாட்களில் மருந்தைக் கொண்டு சேர்த்தனர். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியையும் தொட்ட குளிர் அது. உலகம் வியந்தது. 1930இல் அமெரிக்கக் கென்னல் கிளப் சைபீரியன் ஹஸ்கியைத் தனி இனமாக ஏற்றது.

இந்த வரலாறு ஹஸ்கியின் உடலில் எங்கே எழுதப்பட்டுள்ளது? அதன் தோல்மேல் இரண்டடுக்கு உரோமம் உண்டு. உள்ளடுக்கு பஞ்சு போன்றது. அதில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது. நாம் போர்த்தும் கம்பளியின் தத்துவமே அங்கும் செயல்படுகிறது. அந்தப் போர்வையோடு அது சென்னைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

நாயின் உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியசு. அக்கினி நட்சத்திர நாட்களில் இங்குக் காற்றின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெப்பம் எப்போதும் வெப்பநிலை மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குப் பாயும். எனவே அந்நேரத்தில் நாயின் உடலிலிருந்து காற்றுக்கு வெப்பம் செல்லாது. காற்றிலிருந்து நாய்க்குள் புகும். எஞ்சியிருக்கும் ஒரே வழி நீரை ஆவியாக்குவது. மனிதனுக்கு உடலெங்கும் வியர்வை சுரக்கிறது. நாய்க்கோ பாதத்தின் அடியில் மட்டுமே சிறிதளவு வியர்வை உண்டு. ஆகவேதான் அது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அரைக் கிலோவுக்கு மேற்பட்ட உடற்பகுதியை ஒரு டிகிரி குளிர்விக்க இது போதுமானது.

இரைப்பதே ஒரு வேலையாயிற்றே, அதனால் உடல் மேலும் சூடாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1962இல் கிராஃபோர்டு என்பவர் இதற்கு விடை கண்டார். ஊஞ்சலை அதன் இயல்பான அதிர்வெண்ணில் தள்ளினால் சிறு விசையே போதும். இதனை ஒத்ததிர்வு என்கிறோம். நாயின் மார்புக்கும் நுரையீரலுக்கும் இதுபோன்ற இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. அது விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து. நாய் இரைப்பதும் அதே வேகத்தில்தான். எனவே நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் இரைத்தாலும் அதற்குச் செலவாகும் ஆற்றல் குறைவு. 1970இல் ஷ்மிட்-நீல்சன் குழுவினர் இன்னொன்றையும் கண்டறிந்தனர். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கின் வழியே காற்றை உள்ளிழுத்து வாயின் வழியே வெளிவிடுகிறது. மூக்கின் உள்ளே சுருள் சுருளாக உள்ள ஈரப் பரப்பின்மீது காற்று ஒரே திசையில் பாய்ந்து நீரை ஆவியாக்கி, வெப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது.

எவ்வளவு நேர்த்தியான பொறி! ஆயினும் அதற்கொரு வரம்பு உண்டு. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மெதுவாகும். கொடியில் போட்ட துணி எந்த நாளில் உலர மறுக்கிறதோ, அந்த நாளில் நாயாலும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது. சென்னையின் புழுக்கம் நீங்கள் அறிந்ததே. பனிக் கம்பளி போர்த்திய ஹஸ்கி இப்புழுக்கத்தில் பகல் முழுவதும் குளிர்சாதன அறையில் அடைபட்டுக் கிடந்தால் உயிர் பிழைக்கும். ஆனால் பல மைல் ஓடுவதற்காகவே உருவான அதன் கால்களுக்கு வேலை இராது. வெளியே விட்டால் வெப்பம். உள்ளே வைத்தால் சிறை. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு உள்ளிட்ட இனங்களை இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை எனப் பட்டியலிட்டது இதனால்தான். அக்கொள்கை குறித்து வழக்கும் எழுந்தது. வழக்கின் போக்கு எதுவாயினும் வெப்ப இயக்கவியலின் விதி மாறப்போவதில்லை.

மூக்கை இழந்த பக்

மூக்கின் சுருள் பரப்பே நாயின் குளிர்விப்பான் என்று கண்டோம். அந்த மூக்கையே சிறுக்கச் செய்தால்? பக் இனத்தின் கதை அதுவே. சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்ச வளர்த்த இந்நாய், வணிகர் வழியே ஹாலந்துக்கும் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் சென்றது. கண்காட்சி யுகத்தில் தட்டையான முகமே அழகு எனக் கொள்ளப்பட்டதால் தலைமுறைக்குத் தலைமுறை அதன் முகவெலும்பு குறுகியது. ஆனால் எலும்பு குறுகிய அளவுக்கு உள்ளிருக்கும் அண்ணமும் தசையும் குறுகவில்லை. சின்னப் பெட்டியில் பெரிய புடவையைத் திணித்தாற்போல மூச்சுப் பாதை அடைபட்டது. உறங்கும்போது பக் குறட்டை விடுவதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அது மூச்சுக்குத் திணறும் ஒலி.

2003இல் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் ஒருவனை ஒரு பக் பின்தொடர்ந்து ஓடியது. நாடு முழுவதும் அக்காட்சி பிடித்துப்போயிற்று. பக் குட்டிகளுக்குக் கிராக்கி பெருகியது. திரைப்படங்களில் வரும் நாய் இனங்களுக்குப் பின்னர் பல ஆண்டுகள் தேவை ஏறுவதை அமெரிக்கப் பதிவேடுகளைக் கொண்டு 2014இல் ஓர் ஆய்வு காட்டியுள்ளது. விளம்பரம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிடம் பார்த்து வாங்கிய நாயைப் பன்னிரண்டு கோடைகள் மூச்சு முட்டாமல் காப்பது வாங்கியவர் கடமை. ஏற்கெனவே பக் வளர்ப்பவர்கள் அதை அதிகாலையில் மட்டுமே நடத்திச் செல்ல வேண்டும். எடை கூடவே விடக்கூடாது. கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப்பட்டை அணிவிப்பது நலம்.

மீனவரின் பசித்த தோழன்

லாப்ரடார் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களோடு குளிர்ந்த கடலில் நீந்தி வேலை செய்த நாய்களின் வழிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் அந்நாய்களை வரவழைத்து, சுட்டு வீழ்த்திய பறவைகளை எடுத்துவரப் பழக்கினர். சாந்த குணமும் கற்கும் ஆர்வமும் உடையதால் இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

இதன் தனித்தேவை வயிற்றில் உள்ளது. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் ஒரு மரபணுவின் சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டனர். ‘வயிறு நிறைந்தது’ என்று மூளைக்குத் தெரிவிக்கும் செய்தி அதனால் சரிவரப் போய்ச் சேர்வதில்லை. அவ்வகை நாய் உண்மையாகவே பசியோடு இருக்கிறது. “பாவம், பார்க்கிறதே” என்று பாட்டி ஒரு தோசை, பேரன் இரண்டு பிஸ்கட், மிஞ்சிய சோறு ஒரு கிண்ணம் என்று வீட்டில் ஆளுக்கொன்றாகப் போட்டால், இரண்டே ஆண்டுகளில் அது நடக்க முடியாமல் மூட்டு வலியால் துன்புறும். லாப்ரடார் வாங்குவோர் வீட்டில் ஒரு தராசும், நாய்க்குச் சோறு போடும் பொறுப்பை ஒருவரே ஏற்கும் கட்டுப்பாடும் வேண்டும்.

கரிசல் காட்டின் கால்கள்

அயல் இனங்களுக்குத்தானே இத்தொல்லை, நம் நாட்டு இனத்தை வாங்கினால் கவலையில்லையே என்று சிலர் கருதலாம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் இராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்கள் ஒலித்தன. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறையாகப் பதிவு செய்த இனங்களாக ஏற்றுள்ளது. மறையவிருந்த இனங்கள் மீண்டும் மதிப்புப் பெறுவது மகிழத்தக்கது. அதே வேளையில், இவற்றுக்கும் வரலாறு உண்டு. எனவே தேவையும் உண்டு.

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர். சுற்றிலும் கரிசல் பூமி, மரங்கள் அரிது, கண்ணுக்கெட்டிய தூரம் வெளி. இத்தகைய நிலத்தில் முயலைத் துரத்த மோப்பத்தைவிடக் கூரிய கண்ணும் வேகமான காலும் வேண்டும். குறுகிய தலை, ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, வில்லாய் வளையும் முதுகு என அந்நாயின் உடல் அமைந்தது இதற்காகவே. மெல்லிய உடலில் எடையைவிடப் பரப்பு விகிதம் மிகுதி. உரோமமோ மிகக் குட்டை. ஆதலால் ஓடிச் சூடேறிய உடல் விரைவில் ஆறும். நம் வெயிலுக்கு ஏற்ற வடிவமைப்பு இது. கருப்பு நிறமுள்ள கன்னி நாயும் இதன் உறவே. இதற்கு மாறாக, தேனி மாவட்டத்தில் மலையடிவாரக் காட்டையொட்டிய கோம்பையில் தோன்றிய நாய் உறுதியான தாடையும் கட்டான உடலும் கொண்டது. காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பயன்பட்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடை செய்தன. காட்டு உயிர்கள் பிழைக்க அது தேவையான சட்டம். நாயின் வேலை போயிற்று; ஆனால் கால்கள் அப்படியே இருக்கின்றன. ஐயப்பன்தாங்கலில் மூன்றாவது மாடிக் கூடத்தில் வளரும் சிப்பிப்பாறை, ஓட இடமின்றித் திரைச்சீலையைக் கிழிக்கும். கதவு திறந்தால் பூனையைக் கண்டு நெடுஞ்சாலைக்கே பாயும். அது கெட்ட நாய் என்று பொருளில்லை. பல நூறு ஆண்டுகளாக நாம் அதற்குக் கற்பித்த பாடத்தை அது ஒப்பிக்கிறது. நாள்தோறும் வேலியிட்ட வெளியில் ஓடவிட முடியுமென்றால் மட்டுமே இதனை வாங்கலாம். கொழுப்பும் உரோமமும் குறைந்த உடலாதலால் மார்கழிக் குளிரில் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கவிடலாகாது. சாக்கோ பழைய போர்வையோ விரித்துக் கொடுக்க வேண்டும்.

வெண்மைக்குக் கொடுத்த விலை

இராஜபாளையம் நாயின் பெருமை அதன் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும். அந்த நிறத்தையே வாங்குவோர் கேட்டதால், வளர்ப்போரும் வெள்ளையோடு வெள்ளையை இணைத்து வந்தனர். இவ்வினத்தில் சில குட்டிகள் செவிடாகப் பிறப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

நிறத்துக்கும் செவிக்கும் என்ன தொடர்பு? நியூகாசில் கண்காட்சி நடந்த அதே 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலில் டார்வின், நீலக்கண் பூனைகள் செவிடாயிருப்பதைக் குறிப்பிட்டு, ஓர் உறுப்பின் மாற்றம் தொடர்பில்லாததுபோல் தோன்றும் வேறோர் உறுப்பையும் மாற்றக்கூடும் என்றார். காரணம் பின்னர் தெரியவந்தது. தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்காதிலும் உள்ளன. காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் அயனிகளின் அளவைக் காக்க அவை உதவுகின்றன. ஒரு மின்கலத்தைப்போல அத்திரவம் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் ஒலி, நரம்புக்குச் செல்லும் மின்குறியாக மாறுகிறது. நிறமிச் செல்கள் இல்லாவிடில் மின்கலம் இறங்கிவிடுகிறது. பிறந்த சில வாரங்களில் ஒலியுணர் செல்கள் மடிகின்றன. டால்மேஷன் இனத்திலும் இக்குறை உண்டு. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை.

இராஜபாளையம் குட்டி வாங்கச் செல்வோர் இதனை எளிதில் சோதிக்கலாம். குட்டிக்கு ஐந்து வாரம் கடந்திருக்க வேண்டும். அதன் பார்வையில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்றசைவை உணர்ந்தே அது திரும்பிவிடும். எனவே கை தட்ட வேண்டாம். காது அசைகிறதா என்று கவனியுங்கள். உடன்பிறந்த குட்டிகளிலிருந்து பிரித்துத் தனியே சோதிப்பது முக்கியம். கூட்டத்தில் இருந்தால் மற்றவை எழுவதைப் பார்த்து அதுவும் எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இச்சோதனையில் கண்டுபிடிப்பது அரிது. அதற்கு மூளையின் மின்குறிகளை அளக்கும் கருவி வேண்டும். செவிடான குட்டி வீணானதன்று. கைச்சைகையால் அதனைப் பழக்கலாம். ஆனால் பெரிய காவல் நாய், பின்னால் வருபவரை உணராமல் திடுக்கிட்டுத் திரும்பினால் கடிக்கக்கூடும். தெரிந்தே வாங்குவதும் தெரியாமல் வாங்குவதும் ஒன்றாகா.

பதிவேட்டில் ஏறாத நாய்

ஒரு கண்காட்சியிலும் பங்குபெறாத நாயொன்றும் உண்டு. நம் தெருவில் திரியும் நாட்டுநாய்தான் அது. எவரும் அதன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, மூக்கைக் குறுக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக நம் வெயிலும் மழையுமே அதைத் தேர்ந்தெடுத்தன. நடுத்தர உடல், குட்டை உரோமம், நீண்ட மூக்கு, குறைந்த உணவில் நிறைவு. அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற நாய் எதுவென்று இயற்பியல் ஆசிரியரைக் கேட்டால், இதனையே முதலில் சொல்வேன். 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் வீடு தேடும் குட்டிகள் எப்போதும் இருக்கின்றன.

குட்டியைத் தூக்கும் முன்

வாசகர்களே, முடிவாகச் சில கேள்விகளைத் தருகிறேன். குடும்பத்தோடு உட்கார்ந்து விடை எழுதுங்கள்.

இந்த இனம் எந்த நாட்டில், எந்த வெப்பநிலையில் வாழ்ந்தது? எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது. அந்த வேலைக்கு ஈடாக நான் நாள்தோறும் எவ்வளவு நேரம் அதனுடன் நடப்பேன் அல்லது ஓடுவேன்? சித்திரை வெயிலில் தார்ச்சாலை சுடாத நேரத்தில் நான் வீட்டில் இருப்பேனா? சாலையில் புறங்கையை ஐந்தாறு விநாடி வைக்க முடியாவிடில் நாயின் பாதமும் தாங்காது. நாங்கள் ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்? பத்தாண்டு கழித்து அது கிழடாகி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேரும்போது நான் எங்கே இருப்பேன்?

குட்டியைக் காணும்போது தாயையும் காட்டச் சொல்லுங்கள். தாயின் உடலும் குணமும் குட்டியின் எதிர்காலத்தைச் சொல்லும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தடை செய்கின்றன. அதற்குமுன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். ஐயம் இருப்பின் வாங்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். 1903இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒரு முற்பகலில் போய்வந்துவிடலாம்.

விடைகளுள் ஒன்று ‘இல்லை’ என்று வந்தால், அந்த இனத்தை விட்டு வேறொன்றைப் பாருங்கள்; எல்லாமே ‘இல்லை’ என்றால் இப்போதைக்கு நாயே வேண்டாம். வாங்கிய ஆறாம் மாதத்தில் ஏரிக்கரையில் இறக்கிவிடப்படும் நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. ஓபர்காசெல்லில் நோயுற்ற குட்டிக்கருகே அமர்ந்து பல வாரம் அதைக் காத்தவர்களுக்கு எழுத்தும் தெரியாது, மருந்தும் தெரியாது. எல்லாம் தெரிந்த நாம் வாங்கும் முன் ஒருநாள் செலவிட்டுப் படித்தறிவது பெரிய சுமையாகுமா?